மான் என்று எழுதியிருக்கலாம்

நம் பிள்ளைகளில் நீங்கள் சிலர் இந்த வருடம் ரயில் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்துக்கு வந்த அதிசயப் பிறவிகள்! பெண் பார்க்கும்போது கொஞ்சம் சிரமப்படுவீர்கள். நானும் பட்டேன்.

"உங்க எக்ஸ்பீரியன்ஸ எழுதுங்க அங்கிள், எங்களுக்கு யூஸ் ஆகும்" என்று கேட்டீர்கள். சிக்னல் எப்படி வேலை செய்கிறது, பிரேக் போட்டால் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, போய்ப் படியுங்கள். மேனுவலில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதில் நான் நல்லவனாகத் தெரிய மாட்டேன். பரவாயில்லை, வேலையை விட்டே வந்தாயிற்று, இனி யாரும் என்னைத் தூக்க முடியாது.

அமெரிக்காவில், நியூஜெர்சி எடிசனிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு சின்ன டவுன். அங்கே ஒரு பழைய ஸ்டேஷன், செங்கல் கட்டடம். பாசஞ்சர் வண்டியை நிறுத்திவிட்டு, கதவில் பலகை அடித்து, பல வருடம் அதைப் போட்டது போட்டபடி விட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தின் வெடிப்பில் ஒரு மேப்பிள் மரம் என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தது. அந்த லைனை லைட் ரெயிலுக்காக, அதாவது இரண்டே பெட்டி உள்ள சின்ன ரயிலுக்காக, மறுபடி திறப்பது என்று முடிவானபோது பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரும் அடிபடாமல் வண்டியை ஓட வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அப்போது என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், நடுவில் குழந்தை அழும், போனை வைத்துவிடுவாள். மதியச் சாப்பாட்டைக் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுவேன். ஆபீஸில் நாலு பேர் உட்காரும் மேஜையில் ஒற்றை ஆளாக டப்பாவைத் திறக்க எனக்கு வெட்கமாக இருக்கும். இந்தச் சொந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வேண்டியிருக்கிறது.

சோதனை ஓட்டத்துக்கு முன் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இந்தத் தண்டவாளத்தில் இனி வண்டி வரும், நடக்காதீர்கள் என்று. எந்தெந்த மொழியில் அச்சடிப்பது என்று ஒரு மீட்டிங் போட்டோம். மக்கள் தொடர்பு வேலையைப் பார்த்த பெண்மணி பட்டியலை வாசித்தார். இங்கிலீஷ், ஸ்பானிஷ், சீனம், இந்தி, குஜராத்தி, தமிழ். கடைசியில் என்னைப் பார்த்தார். "தமிழ் உங்கள் மொழிதானே? லைனை ஒட்டியிருக்கிற அபார்ட்மென்ட்டில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன" என்றார்.

"தமிழர்களா? அவர்கள் உங்களைவிட நன்றாக இங்கிலீஷ் படிப்பார்கள்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தமிழை அடித்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பாதி பெருமை. நம் ஆட்கள் எல்லாம் படித்தவர்கள் என்ற மிதப்பு. மீதி பாதி பயம். தன் ஆட்களுக்குச் செய்துகொள்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது, குஜராத்தியை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தமிழை மட்டும் தைரியமாக வெட்டினேன். தன் வீட்டுப் பிள்ளையைத்தான் பந்தியில் கடைசியில் உட்கார வைப்போம், இல்லையா?

ஊரிலிருந்து வந்து, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. என் மாமியாரே ஆறு மாதம் என் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்தான். அப்படியும் ஞாபகம் வரவில்லை.

அக்டோபரில் முதல் முழு வேகச் சோதனை. மதியம் பன்னிரண்டரை இருக்கும். நான் ரேடியோவுடன் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், தண்டவாளத்தின் நடுவில் ஓர் ஆள் என்னை நோக்கி நடந்து வருகிறது. குளிர் ஜாக்கெட், காதை மூடிய கம்பளித் தொப்பி, முதுகை வளைவுக்குக் காட்டிக்கொண்டு நிதானமான நடை.

ரேடியோவில் "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்தினேன். ஓட்டுநர் ஹாரனை அமுக்கினார். அந்த ஆள் திரும்பவில்லை. கையை ஆட்டிக்கொண்டு நான் இங்கிலீஷில் கூச்சல் போட்டேன், தண்டவாளத்தை விட்டு இறங்குங்கள் என்று. என்ன நடந்தது தெரியுமா? ஹெல்மெட் போட்ட ஒருவன் இங்கிலீஷில் அதட்டுகிறான் என்று பயந்து, அந்த ஆள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு நடுவில். நடந்துகொண்டாவது இருந்த ஆளை நான் நிறுத்தி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஜாக்கெட்டுக்குக் கீழே சேலை. கையில் மஞ்சள் பை, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தத் தாம்பூலப் பை.

"அம்மா! பின்னாடி வண்டி வருது! எறங்குங்க! எறங்குங்கம்மா!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து ஜல்லியில் இறங்கிவிட்டார். வண்டி வளைவில் வந்து, கிறீச்சிட்டு, அவர் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பெட்டி நீளம் போய் நின்றது.

கையைப் பிடித்து பிளாட்பாரத்துக்கு ஏற்றி, பழைய பெஞ்சில் உட்கார வைத்தேன். எழுபது வயது இருக்கும். பெயர் முத்துலட்சுமி, சாத்தூர் பக்கம்.

"லாரி ஹாரன்னு நெனச்சேன் தம்பி. இதுலதான் வண்டியே வராதே" என்றார்.

"இன்னையிலேருந்து வருதும்மா. வீட்டுக்கு நோட்டீஸ் வரலையா?"

"பெட்டியில ஒரு பேப்பர் கெடந்துச்சு. பீட்சாக் கடைக்காரன் போட்டதுன்னு நெனச்சேன். எனக்கு அந்த எழுத்துத் தெரியாதுல்ல."

நான் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தார். தயிர் சாதம், மோர் மிளகாய். மூடியில் பாதியை வைத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றால் விடுகிற முகமாகத் தெரியவில்லை. சாத்தூரில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவராம். தினமும் மதியம் பந்தி பந்தியாகப் பிள்ளைகள். வீட்டுக்காரர் இறந்தபிறகு மகன் இங்கே அழைத்து வந்திருக்கிறான். அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் வேலியில் ஒரு ஓட்டை. அதில் நுழைந்து தண்டவாளத்தோடு பத்து நிமிடம் நடந்தால் இந்த பிளாட்பாரம். ரோடு வழியாகப் போனால் நடைபாதை கிடையாது, கார்கள் உயிரை எடுக்கும்.

"எதுக்கும்மா இவ்ளோ தூரம் வரீங்க? இங்க என்ன இருக்கு?"

"வீட்டுல ஒத்தையில சாப்பிட உக்காந்தா, ஒத்தையில இருக்கோம்னு தெரியுது தம்பி. சோறு எறங்க மாட்டேங்குது. ஸ்டேஷன்ல உக்காந்தா வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. ஸ்டேஷன்ல யாரு ஒத்தையில உக்காந்தாலும் அதுல ஒண்ணும் கேவலம் இல்லைல்ல?"

காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுகிறவனிடம் இதைச் சொன்னார். நான் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். நல்ல மனிதர். அந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த டப்பா மூடியைப் பார்த்தார். "எனக்கும் இந்த வயதில் அம்மா இருக்கிறார். நான் பார்த்தது ஒரு மான். மானுக்காக பிரேக் போட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் விஷயம் இங்கேயே முடிந்தது" என்றார். எங்கள் லைனில் மான் குறுக்கே வருவது வாரா வாரம் நடப்பதுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"என்ன சொல்றாரு?" என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

சிரித்துவிட்டார். "நானா மானு? ஆத்தாடி, இந்த வயசுல!" பிறகு சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே எழுதிருங்க தம்பி. மகனுக்குத் தெரிஞ்சா என்னைய வெளிய விட மாட்டான். எனக்கு இந்த ஒரு மணி நேரந்தான் இருக்கு. இனிமே தண்டவாளத்துல நடக்க மாட்டேன், ஓரமா வாரேன். சொல்லிராதீங்க."

"பார்க்கலாம்மா" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. பார்க்கலாம் என்போம். சொல்கிறவனுக்கு அது தப்பிக்கிற வழி. கேட்கிறவருக்கு அது வாக்கு. அவர் நிம்மதியாக டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். நான் காரில் ஏற்றி அபார்ட்மென்ட் வாசலில் இறக்கிவிட்டேன். வீட்டு எண்ணை அவரே காட்டினார். என்னை நம்பித்தான் காட்டினார்.

ஷிஃப்ட் முடிவதற்குள் ரிப்போர்ட் எழுத வேண்டும். காருக்குள் உட்கார்ந்து யோசித்தேன். மான் என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது. அந்த அம்மாவுக்கு நல்லது, ஓட்டுநருக்குத் தலைவலி இல்லை. எனக்கு ரொம்ப நல்லது, ஏனென்றால் தமிழை யார் வெட்டியது என்ற கேள்வியே வராது. ஆனால் மானுக்காக யாரும் வேலி கட்ட மாட்டார்கள், மானுக்கு நோட்டீஸ் அடிக்க மாட்டார்கள். அந்த ஓட்டை அப்படியே இருக்கும். அடுத்த நாள் வேறொரு அம்மா வருவார், பிளாட்பாரத்தில் நான் நிற்க மாட்டேன்.

இங்கே என்னுடைய முதல் ஃபோர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிடுமூஞ்சி. என் பெயரை நாலு வருடத்தில் ஒரு நாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வளைவில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைத் திரும்ப நட மறந்துவிட்டேன். அவரே பார்த்து, வண்டி வருவதற்குள் நட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, யாரும் பார்க்கவில்லை, முடிந்தது என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷன். இரண்டு வருடம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதன்பிறகுதான் பலகையை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்ற முறை வந்தது. நீங்கள் இன்றைக்குச் சலித்துக்கொண்டே சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதே மாதிரி ஒன்றுதான்.

அவரை நினைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெண், வயது சுமார் எழுபது, வீட்டு எண், வேலி ஓட்டை எல்லாம். நோட்டீஸில் தமிழ் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் கடைசிப் பத்தியில் எழுதினேன். அனுப்பிவிட்டேன். என்ன பெரிய நேர்மைசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் பகலில் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். விதிப்படி விசாரித்து, எச்சரித்துவிட்டுப் போவதற்கு. வீட்டில் அந்த அம்மா மட்டும்.

சனிக்கிழமை நான் அங்கே போனேன். மகன் கார்த்திக் கதவைத் திறந்தான். கோபமாகத்தான் இருந்தான், ஆனால் உட்காரச் சொன்னான்.

"சார், நான் மீட்டிங்ல இருக்கேன், வைஃப் ஆபீஸ்ல. அம்மா ஒருத்தங்களா நின்னு போலீஸ்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க. எப்படிப் பயந்திருப்பாங்க சொல்லுங்க? என் கிரீன் கார்டு வேற ப்ராசஸ்ல இருக்கு, எனக்கு ஹார்ட்டே நின்னுபோச்சு. நீங்க நம்ம ஆளு. எனக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாம்ல? அம்மாவ இனிமே இங்க எப்படி விட்டுட்டுப் போறது? ரிட்டர்ன் டிக்கெட்ட ப்ரிபோன் பண்ணிட்டேன்."

நான் ரூல், ரிப்போர்ட், பாதுகாப்பு என்று ஏதோ உளறினேன். சொன்னதெல்லாம் சரிதான், ஆனாலும் உளறல்தான்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"மானுன்னு எழுதியிருந்தா என்ன தம்பி?"

அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது, கார் ஓட்டிக்கொண்டே, எனக்கு அந்த ஃபோர்மேனின் கதையில் மீதிப் பாதி ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் அவர் நான் வேலை செய்த இடத்துக்கு நடந்து வந்தார். சேற்றில், மழையில். "நான் இதை எழுதப்போகிறேன். என் வாயாலேயே நீ கேட்க வேண்டும் என்று வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து எழுதுவதை மட்டும் கற்றுக்கொண்டேன். நடந்து வந்து சொன்னதை மறந்துவிட்டேன். அந்த பெஞ்சில், அந்த அம்மா கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டே, 'அம்மா, என்னால மறைக்க முடியாது, எழுதத்தான் போறேன், போலீஸ் வரும், பயப்படாதீங்க, உங்க மகன்கிட்ட நானே வந்து பேசுறேன்' என்று சொல்லியிருக்கலாம். அழுதிருப்பார், என்னைத் திட்டியும் இருப்பார். ஆனால் கதவு தட்டப்பட்டபோது ஒத்தையில் நின்று கும்பிட்டிருக்க மாட்டார்.

ரிப்போர்ட்டுக்குப் பலன் இருந்தது. மக்கள் தொடர்புப் பெண்மணி தமிழ் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்த வேலி ஓட்டையை உபயோகித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். நம் ஊர் அப்பாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் வாக்கிங் போயிருக்கிறார்கள். அந்த ஓட்டையை அடைத்து, அங்கிருந்து பிளாட்பாரம் வரை வேலிக்கு வெளியே நடைபாதை போட்டு, பிளாட்பாரத்தை ஒட்டித் தண்டவாளத்தைக் கடக்க மணியடிக்கும் ஒரு கேட்டும் வைத்தார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஸ்டேஷன் திறப்பு விழா. பேண்டு வாத்தியம், பலூன், ரிப்பன். பலகை அடித்த கதவு இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு வந்திருந்தது. மேப்பிள் மரத்தைப் பாவம் வெட்டிவிட்டார்கள். கூட்டத்தில் நான் மஞ்சள் பையைத் தேடிக்கொண்டிருந்தேன், வர மாட்டார் என்று தெரிந்தும். கார்த்திக் மட்டும் வந்திருந்தான். "அங்கிள்" என்றான் இந்த முறை. "அம்மா சாத்தூர்லதான் இருக்காங்க. இனிமே வரலன்னு சொல்லிட்டாங்க. ஆனா போன்ல கேட்டாங்க, அந்த ஸ்டேஷன் தொறந்துட்டாங்களான்னு." போன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

வண்டியே வராத காலத்தில் தினமும் வந்து காத்திருந்தவர். வண்டி வந்த அன்று அவர் இல்லை.

அந்த நம்பரை நான் உடனே கூப்பிடவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். புத்தி எங்கே போகும்? ரிடையர் ஆனபிறகுதான் தைரியம் வந்தது.

இப்போதெல்லாம் மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன். புது பெஞ்ச், ஆனால் அதே இடம். வண்டி வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போகும். நான் ஏறுவதில்லை. அந்த அம்மா சொன்னது சரிதான், அங்கே உட்கார்ந்தால் சோறு இறங்குகிறது. போன வாரம் அங்கிருந்துதான் சாத்தூருக்கு போன் போட்டேன். அங்கே ராத்திரி ஒன்பதரை.

"யாரு?"

"நான்தாம்மா. மானுன்னு எழுதாதவன்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஆத்தாடி, நீங்களா!"

"உங்க மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு எழுதியிருக்கணும்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"எழுதினது தப்புன்னு நான் நெனக்கல தம்பி. இன்னொருத்தி போய்ச் சேந்திருப்பா. சொல்லாம எழுதினீங்க பாருங்க, அதுதான் மனசுல கெடந்துச்சு. விடுங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன். உங்க ஸ்டேஷன்லதான்."

"ஒத்தையிலயா?"

நான் பதில் சொல்வதற்குள் கேட்டில் மணி அடிக்கத் தொடங்கியது. "அது என்ன சத்தம்?" என்றார். "வண்டி வருதும்மா" என்றேன். "போனைக் காட்டுங்க, காட்டுங்க" என்று அவசரப்பட்டார். எழுந்து நின்று, போனை வண்டிப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது.

போனைக் காதில் வைத்தபோது அவர் பதறிக்கொண்டிருந்தார். "வந்துருச்சுல்ல? ஏறுங்க தம்பி, போயிரப்போகுது!"

ஏறினேன். கையில் பாதி சாப்பிட்ட டப்பாவோடு ஏறிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. பெட்டியில் இரண்டு பேர்தான், இருவர் காதிலும் ஹெட்போன்.

"ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேம்மா."

"எங்க போகுது?"

கடைசி ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.